பழைய ஜீப்புக்கு எந்தப் பல் விகிதம்?

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்பையோ, பின்புறம் தொட்டி கட்டிய ஜீப் பிக்கப்பையோ இன்றும் ஓட்டி வரும் விவசாயிகள் உண்டு. இந்த வண்டிகளைப் பட்டறைக்குக் கொண்டு போனால் தவறாமல் ஒரு யோசனை கிடைக்கும். "அண்ணே, கிரௌனை மாத்திட்டா வண்டி பறக்கும்ணே." வண்டி பறக்கத்தான் வேண்டுமா என்பதை மெக்கானிக் யோசிக்க மாட்டார். பணம் கொடுக்கிற விவசாயிதான் யோசிக்க வேண்டும்.

அச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் பெட்டிக்குள் கிரௌன், பினியன் என்று இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. பினியனில் 8 பல்லும் கிரௌனில் 43 பல்லும் இருந்தால் விகிதம் 5.38. அதாவது இன்ஜினிலிருந்து வரும் தண்டு 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 8-க்கு 39 பல் என்றால் விகிதம் 4.88. எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், வேகம் குறைவு. எண் சிறிதானால் வேகம் கூடும், இழுவை குறையும். சைக்கிளில் பின் பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றியவர், பால் கேன் கட்டிக்கொண்டு மேட்டில் மிதிக்கும்போது படும் பாட்டை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பின் விகிதம் 4.88. போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் அதே கம்பெனி, உழவருக்கென்று சி.ஜே.2ஏ என்ற ஜீப்பை வெளியிட்டது. அதில் விகிதத்தை 5.38 ஆக்கினார்கள். லோ கியரையும் ராணுவ வண்டியைவிட இன்னும் மெதுவாக்கினார்கள். சிப்பாய்க்கு வேகம் தேவைப்பட்டது. ஏர் இழுக்கவும் பாரம் சுமக்கவும் உழவருக்கு இழுவை தேவைப்பட்டது. பின்னர் மஹிந்திரா நம் நாட்டில் வெகுகாலம் தயாரித்த சி.ஜே.3பி ஜீப்புக்கும் இந்த 5.38 விகிதமே வந்தது. பட்டறையில் 'ஸ்லோ கிரௌன்' என்று இளப்பமாகச் சொல்லப்படுவது, உழவு வேலைக்கென்றே கணக்குப் பார்த்து வைத்த கிரௌன்!

மதுரைச் சமவெளிக்கு இவ்வளவு இழுவை எதற்கு என்று கேட்கலாம். நாற்கரச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அவசியமில்லைதான். ஆனால் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் போய் வந்தவர் இக்கேள்வியைக் கேட்க மாட்டார். மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு டயரின் பள்ளமே தெரியாமல் போய்விடும். மேலூர், வாடிப்பட்டி பக்கத்தில் வேறு சங்கடம். கண்மாய்க்குள்ளிருந்து கரம்பை மண் ஏற்றிய வண்டி கரையில் ஏற வேண்டும். அந்தச் சரிவு சில அடி தூரந்தான் என்றாலும் கிளட்ச் கருகுவது அங்கேதான். ஆகவே வெறும் வண்டியாகத் தார்ச்சாலையில் ஓடுவதை வைத்து விகிதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முழுப் பாரத்துடன் ஏற வேண்டிய மிகக் கடினமான இடத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மல்லிகைக்காரர்கள் வேகம் வேண்டும் என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. பூ வாடினால் விலையும் வாடும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5.38-ஐ 4.88 ஆக மாற்றினால், இன்ஜின் அதே சுற்றில் ஓடும்போது வேகம் பத்தில் ஒரு பங்கு கூடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 55-இல் ஓடும். உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மிச்சமாவது நாலரை நிமிடம். கிளம்புவதற்கு முன் ஒரு டீயைத் தவிர்த்தால் அந்த நேரம் செலவின்றியே கிடைத்துவிடும். மேலும் பழைய ஜீப்பின் டிரம் பிரேக்குகள் பழைய வேகத்துக்கென்று செய்யப்பட்டவை. கிரௌனை மாற்றினால் பிரேக் மாறிவிடாது.

பலர் கவனிக்காத இன்னொன்று டயர். முன்பு 6.00-16 டயர் போட்டிருந்த வண்டியில் இப்போது 7.00-16 டயர் மாட்டியிருப்பார்கள். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். இதனால் 5.38 விகிதமுள்ள வண்டி ஏறக்குறைய 5 விகிதமுள்ள வண்டியைப் போல நடந்துகொள்ளும். அதாவது கிரௌன் மாற்றிய பலனில் பெரும்பகுதி ஏற்கெனவே வந்துவிட்டது. அதன் மேல் கிரௌனையும் மாற்றினால், பாரம் ஏற்றிய வண்டி முதல் கியரிலேயே திணறும். "மாற்றிய பிறகு வண்டி இழுக்கவில்லை" என்று இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பவர்கள் முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படிப்பது நல்லது.

விகிதத்தை மாற்றுவதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு. பழைய பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றும் டீசல் இன்ஜின் பொருத்திய வண்டி அது. நிமிடத்துக்கு 2200 சுற்றுக்கு மேல் போகாத இன்ஜின் என்றால், 5.38 விகிதத்தில் சிறிய டயருடன் மணிக்கு 55 கிலோமீட்டர்தான் எட்டும். இன்ஜின் அலறிக்கொண்டே ஓடும். அத்தகைய வண்டிக்கு 4.88 பொருந்தும். ஆனால் பெரிய டயர் மட்டும் மாட்டினாலே 60-ஐ நெருங்கிவிடலாம். எது செலவு குறைவோ அதைச் செய்யலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். இன்ஜின் மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், செலவைக் குறைக்க எண்ணிப் பின் அச்சை மட்டும் மாற்றுவதில்தான் வருகிறது. வேகமாக நடக்கும் காளையையும் மெதுவாக நடக்கும் காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன ஆகும்? முன் அச்சில் 5.38, பின் அச்சில் 4.88 இருக்கும்போது முன் லிவரைப் போட்டால், பின் சக்கரம் 11 சுற்று சுற்ற முன் சக்கரம் 10 சுற்றுதான் சுற்றும். சேற்றில் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாததால் துணைக் கியர் பெட்டியோ தண்டின் கிராஸோ உடையும். இந்த ஜீப்புகளில் முன் சக்கர இழுவையைப் போட்ட பிறகுதான் லோ கியர் விழும். எனவே பின் அச்சை மட்டும் மாற்றியவர் நான்கு சக்கர இழுவையை இழக்கிறார்; லோ கியரையும் இழக்கிறார். அந்த லோ கியர் இழுவையை ஏறக்குறைய 2.4 மடங்காக்குவது. கிரௌன் மாற்றத்தில் கூடுவதும் குறைவதும் பத்தில் ஒரு பங்குதான். கரிசல் சேற்றில் கை கொடுப்பது லோ கியரே.

இப்போதுள்ள விகிதத்தை அறியப் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பின் தண்டையே பிடிப்பதால் அதை விட்டுவிட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, முன் இழுவையை எடுத்துவிட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். தண்டில் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ண வேண்டும். ஐந்தேகாலுக்குச் சற்று மேல் என்றால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.88. முன் அச்சிலும் இப்படியே எண்ண வேண்டும். முன் சக்கரத்தில் பூட்டும் ஹப் இருந்தால், இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு எண்ண வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம். இரண்டு அச்சிலும் எண்ணிக்கை வேறுபட்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம், அல்லது மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

மாற்றியே தீர வேண்டியவர்கள் கிரௌனையும் பினியனையும் ஒரே ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று உராய்த்துச் சேர்க்கப்பட்டவை. ஒன்றை இந்த வண்டியிலிருந்தும் மற்றதை அந்த வண்டியிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் முதலில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் உடையும். ஸ்பீடோமீட்டர் துணைக் கியர் பெட்டியிலிருந்து ஓடுவதால், 4.88-க்கு மாறிய பின் அது 50 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல் போய்க்கொண்டிருக்கும்.