கயிற்றை நீளமா விடு, பாப்பா

காலை ஆறு மணிச் செய்திக்குப் பிறகு வானிலை அறிவிப்பை வாசிப்பதும் என் வேலைதான். "சிலாங்கூர் கடலோரப் பகுதிகளில் கடல் பெருக்கு அதிகமாக இருக்கும். கிள்ளான், கோலசிலாங்கூர், கோல லங்காட், சபாக் பெர்ணம் வட்டார மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்." இதை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. வாசித்த கையோடு ஒரு பாட்டைத் தட்டிவிட்டு தே தாரிக் குடிக்கப் போய்விடுவேன். பூச்சோங்கில் பதினோராவது மாடியில் குடியிருப்பவளுக்குக் கடல் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வாசித்தேன். மறுநாள் மாலை அதே கோலசிலாங்கூரில், என் கையாலேயே சித்தப்பாவின் படகைக் கட்டினேன். ஞாயிறு விடியும்போது அந்தப் படகு பாதி முழுகிக் கிடந்தது.

சித்தப்பா கிள்ளான் துறைமுகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் மற்றவர்கள் வீடு மராமத்து செய்வார்கள், காசிக்குப் போவார்கள். இவர் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் பக்கம், கரையோரமாக ஒரு பழைய பலகை வீட்டை வாங்கினார். கூடவே 14 அடி நீளத்தில் ஒரு ஃபைபர் படகு, 15 குதிரைத்திறன் இன்ஜின். சித்தி ஒரு மாதம் பேசவில்லை. இப்போது பள்ளி விடுமுறை வந்தால் குடும்பமே அங்கேதான். பகலில் படகுச் சவாரி, சாயங்காலம் பாசிர் பெனாம்பாங்கில் வாங்கிய நண்டு, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினி.

அந்தப் படகின் மேல் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 2021 டிசம்பர் 18 சனிக்கிழமை பெய்த மழையை நம்மில் யாரும் மறக்க முடியாது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்றுகொண்டு படகு வராதா என்று காத்திருந்தார்கள். வானொலிக்கு வந்த அழைப்புகளில் பாதி, "படகு எங்கே கிடைக்கும்?" என்றுதான். மறுநாள் சித்தப்பா தெரிந்தவர் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூரிலிருந்து வந்துவிட்டார். இரண்டு நாள், நெஞ்சளவுத் தண்ணீரில், சந்து சந்தாக. எத்தனை பேரை ஏற்றினீர்கள் என்று இன்றுவரை யார் கேட்டாலும், "எண்ணல" என்பார். அந்தப் படகைத்தான் நான் கட்டினேன்.

நடந்தது இதுதான். மாலை ஆறரை. பௌர்ணமிக்கு மறுநாள். ஆறு தளும்பி நின்றது. சித்தப்பா மகன், என் தம்பி, நண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். "அக்கா, நீ கட்டிட்டு வா" என்றான். நான் படகை ஜெட்டியோடு ஒட்டி இழுத்து, முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, இறுக்கிக் கட்டினேன். (ஜெட்டி என்று நான் வானொலியில் சொல்லும்போதெல்லாம் தமிழ்நாட்டு நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். படகுத்துறை என்றே வைத்துக்கொள்வோம்.) ஒவ்வொரு கயிறும் இரண்டு மீட்டர்தான் இருக்கும். அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. திருப்தியாகப் போய் நண்டு சாப்பிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் படகுத்துறைக்குக் கீழே ஆறே இல்லை. சேறுதான். பின்கயிற்றில் நான் போட்ட முடிச்சு நழுவியிருந்தது. முன்கயிறு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. படகு மூக்கை வானத்துக்குத் தூக்கி, பின்பக்கம் இன்ஜினோடு சேற்றில் புதைந்து, தூக்கில் தொங்குகிற மாதிரி தொங்கியது.

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. இருநூறு கிலோ எடை இழுத்து இழுத்து அது கல்லாகியிருந்தது. தம்பி பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கப் போனான். அப்போதுதான் சித்தப்பா குரலை உயர்த்தி நான் முதல்முறையாகக் கேட்டேன். "ஏறுடா மேல! அந்தச் சேத்துல கால விட்டா இடுப்பு வரைக்கும் இழுக்கும். படகு விழுந்தா உன் மேலதான் விழும். போட் போனா போகட்டும்."

உட்கார்ந்தோம். வேறு என்ன செய்வது? ஒரு மணி வாக்கில் படகின் மூக்கில் கயிறு சுற்றும் இரும்புக் கொம்பு பிய்த்துக்கொண்டு வந்தது. படகு சரிந்து படகுத்துறையின் குறுக்குக் கட்டைக்கு அடியில் மாட்டியது. அப்புறம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அது இன்னும் கொடுமை. படகு மிதக்கப் பார்க்கிறது, மேலே கட்டை விடவில்லை. பின்பக்கத்தைச் சேறு விடவில்லை. தண்ணீர் பின்பக்கமாக உள்ளே வருகிறது. நான்கு மணிக்குக் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. சித்தப்பா மூங்கில் கழியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அலை தூக்கும்போதும் மூக்கைக் கட்டைக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்கு அது விடுபட்டது. ஆனால் இன்ஜின் அதற்குள் உப்புத் தண்ணீரில் முழுகிவிட்டது.

நான் அழுதேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த மாதம் அவரிடம் பாடம் கேட்கப் போனேன். இனி வருவது அவர் சொன்னதும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும்.

நம் நீரிணை வினோதமானது. மலாக்கா நீரிணை வடக்கே அகலம், தெற்கே வரவரக் குறுகலும் ஆழக்குறைவும். உள்ளே வரும் பெருக்கு நெருக்கப்பட்டு உயர்கிறது. பினாங்கில் ஏறக்குறைய 2 மீட்டர்தான் ஏறி இறங்கும் கடல், கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கும் அதிகம். சென்னையில் இது ஒரு மீட்டர் அளவுதான். தமிழ்நாட்டு மீனவர் கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இங்கே இழுத்துப் போட மணல் இல்லை, சேறுதான் இருக்கிறது. குஜராத்தின் பவநகரில் இதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம். அங்கே துறைமுகத்துக்கே கதவு போட்டுத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சித்தப்பாவின் பலகை வீட்டுக்குக் கதவு போட முடியாது. கயிறுதான் வழி.

ஏறுவதற்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், இறங்குவதற்கும் அப்படியே. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆனால் ஒரே வேகத்தில் இறங்காது. முதல் மணி நேரம் மெல்ல, ஏமாற்றுகிற மாதிரி. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மணிக்கு ஒரு மீட்டர் வீதம் சரசரவென்று போய்விடும். நாங்கள் நண்டுக் கால் உடைத்துக்கொண்டிருந்த நேரம் அதுதான். பெரிய பெருக்கும் சரியாகப் பௌர்ணமி அன்றே வராது, ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சம். மார்ச், செப்டம்பரை ஒட்டி வருவது இன்னும் பெரிது. அட்டமி வாக்கில் கட்டியிருந்தால் என் தப்பு இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது.

"நீ படகக் கட்டல பாப்பா, படகுத்துறையில ஆணி அடிச்ச" என்றார் சித்தப்பா. "கயிற நீளமா விடு."

நீளமாக விட்டால் படகு அலைந்து திரியாதா என்று கேட்டேன். அவர் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். படகுக்கு நேரெதிரே உள்ள கம்பத்தில் கட்டுவதுதான் தப்பு. முன்கயிற்றை முன்னால் தள்ளியிருக்கும் கம்பத்துக்கும், பின்கயிற்றைப் பின்னால் தள்ளியிருக்கும் கம்பத்துக்கும் கொண்டுபோக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான். 5 மீட்டர் கயிறு போட்டால், தண்ணீர் 4 மீட்டர் இறங்கும்போது படகு 2 மீட்டர் இழுபடும். 12 மீட்டர் கயிறு போட்டால் 70 சென்டிமீட்டர்கூட இழுபடாது. நீளமான கயிறுதான் படகை இடத்தில் வைத்திருக்கிறது. ஊடகப் படிப்பில் இதையெல்லாம் சொல்லித் தரவில்லை.

அவர் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இன்னும் எளிது. ஆற்றுக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு கம்பம் நட்டிருக்கிறார். அதில் ஒரு கப்பி. கரைக்கும் அந்தக் கம்பத்துக்கும் இடையே ஒரே வளையமாக ஓடும் கயிறு. படகை அந்த வளையத்தில் கட்டிவிட்டு, கரையில் நின்றே கயிற்றை இழுத்தால் படகு நடு ஆற்றுப் பக்கம் போய் நிற்கும். வேண்டுமென்றால் மறுபடி இழுத்துக்கொள்ளலாம். நம் வீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடிதான். படகுத்துறைக்கு அடியில் போய் மாட்டும் பேச்சுக்கே இடமில்லை.

காவிரிப்பூம்பட்டினத்தின் உப்பங்கழியில் நெல் ஏற்றி வந்த படகுகள், லாயத்தில் குதிரைகளைக் கட்டியதுபோல வரிசையாகக் கட்டிக் கிடந்ததாகப் பட்டினப்பாலையில் வருகிறது. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "குதிரைக்கும் தலைய குனிஞ்சு புல் தின்ன கயிறு விடணும்ல?" என்று கேட்டுவிட்டு முடிச்சுப் போடப் போய்விட்டார்.

முடிச்சும் முக்கியம். எவ்வளவு இழுத்தாலும் இறுகாமல், பிறகு கையால் அவிழ்க்கக்கூடிய வளைய முடிச்சு ஒன்று உண்டு. துறைமுகத்தில் 'போலைன்' என்பார்கள். அதை ஒரு மணி நேரம் பழகினேன். கயிறு நைலானாக இருந்தால் நல்லது, இழுவைக்குக் கொஞ்சம் நெகிழும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து பொடியாகும். தண்ணீரில் மிதப்பதால் இன்ஜின் விசிறியிலும் சுற்றிக்கொள்ளும். கயிறு பலகை விளிம்பில் உரசும் இடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை ஒரு சாண் வெட்டி மாட்டிவிடுங்கள். கயிறு அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

மழையை நான் யோசித்ததே இல்லை. மூடி போடாத 14 அடிப் படகில், ஓர் இரவில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 500 லிட்டர் தண்ணீர் சேரும். அரை டன். கயிறு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை, படகு தானாக அமிழும். அதோடு ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், சுமத்ரா பக்கமிருந்து ஒரு காற்றுமழை நீரிணையைத் தாண்டி வரும். வானிலை இலாகா 'சுமத்ரா ஸ்குவால்' என்று சொல்வது அதைத்தான். எல்லோரும் தூங்கும் நேரம் பார்த்து வரும். ஆகையால் கிளம்பும்போது படகுக்குத் தார்ப்பாய், அதுவும் நடுவில் குழி விழாமல். ஒரு வாரத்துக்கு மேல் வர முடியாதென்றால் படகைக் கரையேற்றி, அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றிவிட்டு வர வேண்டும். இன்ஜினையும் பெட்ரோல் தொட்டியையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது சித்தப்பாவின் வழக்கம். திருடர்களுக்குப் பெருக்கு அட்டவணை நன்றாகவே தெரியும் என்பார்.

அந்த அட்டவணையை நாமும் பார்க்கலாம். ஜூப்பெம் எனும் நில அளவை, வரைபட இலாகா ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கடற்படையின் தேசிய நீரியல் மையம், இதோ நம் புலாவ் இண்டாவில் இருப்பது, அதுவும் வெளியிடுகிறது. எந்த நேரம், எத்தனை மீட்டர் என்று இரண்டே எண்கள். கட்டுவதற்கு முன் பார்க்க அரை நிமிடம் ஆகும்.

இன்ஜின் கதையை விட்டுவிட்டேனே. விடிந்ததும் தம்பி அதைத் துடைத்து வெயிலில் வைக்கப் போனான். சித்தப்பா தடுத்தார். உப்புத் தண்ணீர் குடித்த இரும்பு, காற்று பட்டவுடன் துருப்பிடிக்கத் தொடங்குமாம். ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது. ஒரு நீல டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, இன்ஜினைத் தலைகீழாக அதற்குள் இறக்கினார். அப்படியே லாரியில் ஏற்றி, திங்கட்கிழமை காலை கிள்ளானில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டது. 870 வெள்ளி. நான்தான் கட்டினேன். வேண்டாம் என்றவர், பிறகு ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் மறுபடி அந்த எச்சரிக்கை என் மேசைக்கு வந்தது. வாசித்து முடித்து, எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன். "படகு வச்சிருக்கவங்க, இன்னிக்குச் சாயங்காலம் கயிற ஒருதடவ பார்த்துடுங்க." பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் குரல்பதிவு. "ரேடியோவுல நல்லாத்தான் சொல்ற. சனிக்கிழமை வந்து நீயே கட்டு, பாப்பா. மூங்கில் கழியோட நிக்கிறேன்."

12 மீட்டர் நைலான் கயிறு இரண்டு, காரின் பின்பெட்டியில் இருக்கிறது.