கொல்லைக்கு வந்த பாலைவனம்

பாலைவனத்தில் குடியிருக்கிறவன் பாலைவனத்துச் செடியைத் தன் வாசலில் வைத்தால் அது புத்திசாலித்தனம். காவேரிக் கரையில் குடியிருக்கிறவன் அதையே வைத்தால் அதற்கு என்ன பெயர்? நாகரிகம் என்கிறார்கள். நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார் என்பதால் எழுதவில்லை.

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் முளைத்திருக்கும் புது நகர்களில் ஒரு மாலை நடந்து பாருங்கள். வீட்டின் முன்புறம் சிமெண்டுத் தளம். அதன் நடுவே பாய் விரித்தாற்போல் மெக்சிகன் புல். ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, நம் புறம்போக்கில் சும்மா கிடைக்கும் கள்ளிக்கு அயலூர்த் தாயாதி ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருப்பார்கள். கொல்லை என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் இருக்கும்.

இது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் லாஸ் வேகஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. பாலைவனத்துக்கு நடுவில் உள்ள ஊர். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். அங்கேயும் வெகுகாலம் வீட்டுக்கு வீடு புல்தரை போட்டார்கள். தண்ணீர் குறையக் குறையப் புத்தி வந்தது. புல்லைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று நீர் வாரியமே முன்வந்தது. ஒரு சதுர அடிப் புல்லை எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 200 லிட்டர் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். 2021-ல் சட்டமே வந்தது: தனி வீடுகள் நீங்கலாக, அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீரை ஊற்றக் கூடாது. புல் இருந்த இடத்தில் அந்த மண்ணுக்கே உரிய செடிகளை வைக்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? அவர்கள் பிடுங்கிய புல்லையும் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பதில் வைத்த கள்ளியையும் எடுத்துக்கொண்டோம். அவர்கள் யோசித்த யோசனையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

அந்த யோசனை மிகச் சின்னது. உன் ஊரில் எவ்வளவு மழை, எப்போது மழை என்று பார்த்துச் செடி வை. அவ்வளவுதான். நம் ஊரில் லாஸ் வேகஸைப்போல் பத்து மடங்கு மழை. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் தரை வெடிக்கிறது. ஆகவே இங்கே வைக்கிற செடிக்கு இரண்டு யோக்கியதைகள் வேண்டும். கால் முழுகத் தண்ணீரில் நிற்க வேண்டும். மாதக் கணக்கில் தண்ணீர் இல்லாமலும் நிற்க வேண்டும். கள்ளி அடைமழையில் அழுகும். மெக்சிகன் புல் சித்திரையில் கருகும். வாய்க்கால் கரையில் யாரும் ஒரு குடம் ஊற்றாமலே நிற்கிற நொச்சியும் புங்கும் பூவரசும் இரண்டையும் தாங்குகின்றன. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னந்தோப்புகள் பாய் சுருட்டினாற்போல் விழுந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. இதைவிட ஒரு தோட்டக்கலைப் பாடம் வேண்டுமா?

எங்கள் தெருவில், வளைகுடாவில் இருபது வருஷம் உழைத்துத் திரும்பிய ஒரு நண்பர் என்னை மடக்கினார்.

"என்ன சார், மிளகாயும் கொய்யாவும்கூட வெளிநாட்டுச் சரக்குத்தானே? அதையும் பிடுங்கிப் போட்டுடலாமா?"

"நான் செடிகிட்டே பாஸ்போர்ட் கேட்கலை சார். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறே, யாருக்கு என்ன கொடுக்கிறே, இந்த ரெண்டுதான் கேட்கிறேன். கொய்யா பதில் சொல்லும். உங்க புல் சொல்லுமா?"

அவர் சிரித்துக்கொண்டே மோட்டாரைப் போட்டார். அவர் வேலி ஓரம் வரிசையாகக் கோனோகார்பஸ். வளைகுடா நாடுகளில் மணலைப் பசுமையாக்க நட்ட மரம். அது வேரால் குழாயையும் மகரந்தத்தால் மனிதரின் மூச்சையும் தொந்தரவு செய்கிறது என்று 2023-ல் குஜராத் அரசு தடை செய்தது. 2025-ல் தமிழ்நாடு அரசும் தடை செய்தது.

அவர் பணம், அவர் இடம், உமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியம்மாளுக்குத்தான் இருக்கிறது. அவளுக்கு உறைக்கிணறு ஒன்றுதான் கதி. சித்திரையில் அதன் அடிமண் தெரிகிறது. அவள் குடத்துடன் தெருக்குழாய்க்குப் போகிறாள். மதிலுக்கு அப்பால் புல் பச்சைப்பசேலென்று இருக்கிறது. மனைக்கு மனை காம்பவுண்டுச் சுவர் எழுப்பலாம். பூமிக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர் கிடையாது.

காவேரி இருக்கிறாளே என்ற தைரியம் நமக்கு இன்னும் போகவில்லை. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. நாற்றங்காலுக்கே தண்ணீர் இல்லாதபோது அலங்காரப் புல்லுக்கு நிலத்தடி நீரை உறிஞ்சுவது என்ன தர்மம்?

பழைய வீட்டை நினைத்து உருகுகிறேன் என்று எண்ண வேண்டாம். அந்தக் கொல்லைக் கிணற்றில் இறைத்து இறைத்துப் பெண்கள் தோள் நொந்ததை நான் அறிவேன். மோட்டார் இருக்கட்டும். மண்ணை மூடாதீர்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மீட்டர் மழை பெய்தால் 90 ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. பல வீடுகளில் அது பிளானோடு சரி. தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

மனையில் மூன்றில் ஒரு பங்கு வெறும் மண்ணாக இருக்கட்டும். மேல வெயிலை மறைக்க ஒரு வேம்பு அல்லது புங்கு. சமையலறைத் தண்ணீர் விழும் இடத்தில் வாழை, பக்கத்தில் கறிவேப்பிலை. வேலிக்கு நொச்சி; ஆடு கடிக்கும் தெருவானால் ஆடாதொடை. பூஜைக்கு நந்தியாவட்டையும் பவழமல்லியும். தரையில் தானாக முளைக்கும் புல் கோடையில் காயட்டும். மழை வந்தால் தானே துளிர்க்கும்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொன்னார். மருதத்தை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நாம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், கூழாங்கல்லுக்குக் காசும் கொடுத்து.