ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கும் கம்பெனி: இன்டர்வியூவிலேயே தெரிந்துவிடும் விஷயங்கள்

இன்டர்வியூவில் என்ன கலர் சட்டை போடணும், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்றால் எங்கே ஆரம்பிக்கணும் என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கம்பெனியை நாம் எப்படி எடைபோடுவது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள், ஹெச்.ஆர். போனையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நல்ல கம்பெனியிலும் அது நடக்கும். பார்க்க வேண்டியது வேறு: பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்து உங்களால் வெளியே வர முடியுமா? அதற்கான பதில் பெரும்பாலும் இன்டர்வியூ மேஜையிலேயே கிடைத்துவிடும்.

முதல் அடையாளம், அசல் சான்றிதழ். "வெரிஃபிகேஷனுக்குத்தான் சார், ரெண்டு வருஷம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடுவோம்" என்பார்கள். சரிபார்க்க பத்து நிமிஷம் போதும், ரெண்டு வருஷம் எதற்கு? சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால், சம்பளம் தாமதமானாலும் நீங்கள் குரல் உயர்த்த மாட்டீர்கள். அடுத்த கம்பெனி அசலைக் காட்டச் சொன்னால் கையில் எதுவும் இருக்காது. 'தொலைந்துவிட்டது என்று போலீஸில் சொல்லி டூப்ளிகேட் வாங்கிக்கோ' என்று ஐடியா கொடுப்பவர்களும் உண்டு. தொலையாததைத் தொலைந்தது என்று எழுதிக்கொடுத்தால், சிக்கல் உங்கள் பக்கம் திரும்பும்.

கல்விச் சான்றிதழ் சந்தைச் சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைத் தனியார் பொறியியல் கல்லூரிகள் வைத்துக்கொள்வதை ஏஐசிடிஇயும் கண்டித்திருக்கிறது. ஆனாலும் பழக்கம் போகவில்லை.

அடுத்தது பாண்ட். "அதெல்லாம் கோர்ட்ல செல்லாது ப்ரோ" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக எல்லா பாண்டும் செல்லும் என்றும் அர்த்தமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எனவே இன்டர்வியூவிலேயே கேளுங்கள்: என்ன டிரெய்னிங் தருகிறீர்கள்? அதற்கு எவ்வளவு செலவு? ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு அந்தத் தொகை குறையுமா? பேப்பரை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமா? "இப்பவே சைன் பண்ணுங்க, வெளியே பத்து பேர் வெயிட்டிங்" என்று பதில் வந்தால், படித்துப் பார்க்கக்கூடாத ஏதோ அதில் இருக்கிறது.

டெபாசிட், யூனிஃபார்ம் கட்டணம், 'ரீஃபண்டபிள்' தொகை என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சம்பளத்தில் 'சிடிசி' என்று ஒரு எண் சொல்வார்கள். 3.6 லட்சம் என்றதும் மாதம் 30,000 என்று மனசு கணக்குப் போட்டுவிடும். கம்பெனி தரப்பு பிஎஃப் தொகை, கிராஜுவிட்டி, கிடைக்குமா என்றே தெரியாத இன்சென்டிவ் எல்லாம் அதற்குள் இருக்கலாம். 'மாசம் கையில் எவ்வளவு வரும்?' என்ற கேள்விக்கு நேராக ஒரு எண் வரவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

'இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்?' என்றும் கேட்கலாம். போனவரைத் திட்ட ஆரம்பித்தால், நாளைக்கு உங்களைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள். "நாங்க எல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி" என்று பதில் வந்தால் ஓவர்டைம் பற்றியும் கேட்டுவிடுங்கள். (குடும்பத்தில் யாரும் ஓவர்டைம் பணம் கேட்பதில்லை, அதனால்தான் அந்த உதாரணம்.)

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி பணி நியமனக் கடிதம் கட்டாயம். "லெட்டர் எல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்" என்பது இனி சாதாரணப் பேச்சு கிடையாது.

இதெல்லாம் எழுதுவது சுலபம். கல்விக் கடனுக்கு தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கும்போது, 'வேண்டாம்' என்று சொல்ல எல்லோராலும் முடியாது. சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் முதலில் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள் டிஜிலாக்கரில் கிடைக்கின்றன. அவை சட்டப்படி அசலுக்குச் சமம் என்பதையும் சொல்லுங்கள். அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண், எந்தத் தேதியில் வாங்கினார்கள், எப்போது திருப்பித் தருவார்கள் என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்த ரசீது கேளுங்கள். அதுவும் தரவில்லையா? ஒப்படைத்த அன்றே எல்லா விவரத்தையும் எழுதி ஹெச்.ஆருக்கு ஒரு இ-மெயில் அனுப்புங்கள், உங்கள் சொந்த ஐடியிலிருந்து.