தொட்ட சாமியாரை எதைக் கொண்டு நினைவுகூர்வது?

பெங்களூரு சிவாஜிநகரின் புனித மரியன்னை பேராலயத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று தேர் புறப்படுகிறது. அன்னையின் சொரூபத்துக்குச் சேலை சாத்தப்படுகிறது. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலிகள் நிறைவேறுகின்றன. மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்போரில் கிறிஸ்தவர் அல்லாதாரும் ஏராளம். இன்று வானளாவி நிற்கும் கோதிக் ஆலயம் கிளைனர் அடிகளார் எழுப்பியது, 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே செஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே காணிக்கை மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் அமைத்திருந்தனர் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கூரை வேய்ந்த கோயில் எழுப்பித் திருப்பலி நிறைவேற்றியவர் என நினைவுகூரப்படுபவர் அபே துபுவா.

ழான்-அந்துவான் துபுவா பிரான்சில் 1766இல் பிறந்தார். 1792இல் குருத்துவம் பெற்று, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருவாக இந்தியா வந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்பு காலத்தில் சிதறுண்டிருந்த மைசூர்க் கிறிஸ்தவர்களைத் திரட்டும் பணி அவரிடம் வந்தது. ஐரோப்பியரின் கூட்டுறவைத் தவிர்த்து, இந்நாட்டு உடையும் உணவும் ஏற்று ஊர் ஊராக நடந்தார். நிலமிழந்தோர் பயிரிட்டுப் பிழைக்க ஹாசனை அடுத்த சாத்தள்ளியில் குடியிருப்பு அமைத்தார். மக்கள் அவரைக் கன்னடத்தில் ‘தொட்ட சாமியவரு’ என்றழைத்தனர். தமிழில் பெரிய சாமியார்.

ஆனால் கல்வியுலகம் அறிந்த துபுவா வேறொருவர். இந்துக்களின் பழக்கவழக்கங்களையும் சடங்குகளையும் விரித்துரைக்கும் புகழ்பெற்ற நூலின் ஆசிரியர் அவர். அதன் கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கி, 1816இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. பின்னர் பியூசாம்ப் பதிப்பித்த விரிவான வடிவம் பல தலைமுறை அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் இந்தியாவைக் கற்பித்தது. இன்றும் துபுவா என்றதும் நூலகங்கள் எடுத்துத் தருவது இந்த நூலைத்தான்.

அந்தப் புகழின் அடித்தளமே ஆட்டங்கண்டுவிட்டது. 1980களில் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர் வெளியிட்ட ஆராய்ச்சி, நூலின் பெரும்பகுதி துபுவாவுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த இயேசு சபைக் குரு கேர்து எழுதியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது என நிறுவியது. மொழியியல் பயின்றோருக்குக் கேர்து அந்நியர் அல்லர். வில்லியம் ஜோன்ஸின் 1786ஆம் ஆண்டு உரைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் உறவுடையவை என்று புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு எழுதியவர் அவர். ஒருவருடைய உழைப்பு, அவர் பெயர் சொல்லாமலே, இன்னொருவரின் புகழாயிற்று. இதனை மென்மைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை.

அந்த நூலாசிரியரை நீக்கிவிட்டால் எஞ்சுபவர் யார்? மறைபரப்பாளர் என்று சொல்லலாம். அந்தக் கணக்கையோ அவரே முன்வந்து ஒப்படைத்துவிட்டார். 1823இல் வெளியான கடிதங்களில், இருக்கும் சூழலில் இந்துக்களை மனமாற்றுவது இயலாது என்று எழுதினார். அத்தனை ஆண்டு உழைப்பில் தாம் மதத்தில் சேர்த்தவர்கள் இருநூறு முந்நூறு பேரே என்றும், அவர்களிலும் உண்மையான பற்றோடு வந்தவர் அரியர் என்றும் ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் சீர்திருத்தச் சபையார் கொதித்தெழுந்து மறுப்பு நூல்கள் எழுதினர். எதற்காகக் கடல் கடந்து வந்தாரோ அதில் தோற்றதாக அவரே எழுதிவைத்தார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1803–04இல் மைசூர் நாட்டில் துபுவாவின் முயற்சியால் 25,000க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்தப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. எட்வர்ட் ஜென்னர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டது 1798இல். இந்தியாவில் முதன்முதலாக பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த மருந்து பலித்தது 1802 சூனில். அடுத்த இரண்டாண்டுகளுக்குள், ரயிலும் தந்தியும் குளிர்பெட்டியும் இல்லாத நாட்டில், ஒரு பங்குச் சாமியார் இந்த எண்ணிக்கையை எட்டினார்.

அந்த வேலையின் அருமை விளங்க அதன் முறையை அறிய வேண்டும். மருந்தைப் புட்டியில் நெடுநாள் வைத்திருக்க இயலாத காலம் அது. குத்தப்பட்ட குழந்தையின் கையில் ஏறத்தாழ எட்டாம் நாள் கொப்புளம் கனியும். அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். தமிழில் அந்நீருக்கு ‘அம்மைப்பால்’ என்று பெயர். கைக்குக் கை, ஊருக்கு ஊர், சங்கிலி அறாமல் செல்ல வேண்டும். ஒரு வாரம் தவறினால் மருந்தே அற்றுவிடும்.

அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சாதி குறுக்கே நின்றது. யாருடைய உடல்நீர் யாருடைய உடலில் சேர்வது? நோயோ தெய்வத்தின் வருகை. அதற்குத் தமிழ் இட்ட பெயரே அம்மை. வந்தவளைக் கத்திமுனையால் தடுப்பது எப்படி? அரசாணையும் மருத்துவச் சான்றும் இத்தகைய கேள்விகளுக்கு விடையாவதில்லை. தம் மொழியில் பேசி, தம் உணவை உண்டு, தம்மோடு பல்லாண்டு வாழ்ந்த ஒருவர் சொல்லும்போதுதான் தாய் தன் குழந்தையின் கையை நீட்டுகிறாள். பஞ்சதந்திரத்தைத் தமிழ், தெலுங்கு, கன்னடப் படிகளைக் கொண்டு பிரெஞ்சில் பெயர்த்தவர் துபுவா. அந்த மொழிகள் அவருக்கு நூல் தந்தன. அதைவிட மேலாக, வீட்டு வாசலைத் திறந்து தந்தன.

இங்கே மறுப்புகள் எழும், எழவும் வேண்டும். அவர் கம்பெனி ஆட்சியின் நிழலில் இயங்கினார்; நாடு திரும்பும்போது அதன் ஓய்வூதியமும் பெற்றார். யாரிடையே வாழ்ந்தாரோ அவர்களைப் பற்றிக் கடுமையாகவும் இழிவாகவும் எழுதினார். சாதி அமைப்பு இந்தியச் சமூகத்துக்கு நன்மையே செய்தது என்று வாதிட்டார். 1823இல் கப்பலேறியவர் 1848இல் பாரிஸில் இறக்கும்வரை திரும்பி வரவேயில்லை. இவற்றை மறைத்து எழுதப்படும் நினைவுமலர் அவருக்கும் மரியாதை அன்று, மக்களுக்கும் மரியாதை அன்று.

எனினும் இம்மறுப்புகள் அனைத்தும் அவர் எழுதியவற்றையும் அவர் சார்ந்திருந்த அதிகாரத்தையும் பற்றியவை. பங்குத்தந்தையை அவற்றால் மட்டும் அளக்க முடியாது. பங்குத்தந்தையின் வேலை பெரும்பாலும் எழுத்தில் நிற்பதில்லை. நோயாளியின் படுக்கையருகே அமர்வது, வழக்குத் தீர்ப்பது, பள்ளியில் இடம் வாங்கித் தருவது, நள்ளிரவில் கதவைத் திறப்பது என அது கரைந்துபோகும் வேலை. மைசூர் நாட்டில் ஒரு பங்குச் சாமியாரின் அத்தகைய வேலை, அரிதாக, எண்ணாகப் பதிவாகிவிட்டது. சில நூறு பேரின் மதத்தை மாற்ற முடிந்தவர், பல்லாயிரம் குழந்தைகளை அவரவர் மதத்திலேயே உயிரோடு விட்டுச் சென்றார். அவர் தோல்வி என்று எழுதிவைத்த பணிக்காலத்தின் பெரும்பேறு இதுவே.

ஆகவே துபுவாவை நினைவுகூரும் முறை மாற வேண்டும். கல்வியுலகம் அவரது நூலைக் கேர்துவின் பெயரோடு சேர்த்தே கற்பிக்கட்டும். பங்கு வரலாறுகளும் விழா மலர்களும் எந்த ஆண்டு எந்தக் கட்டடம் எழுந்தது என்ற பட்டியலோடு நின்றுவிடாமல், அம்மை குத்திய அந்த மாதங்களுக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கட்டும். அப்பக்கத்தில் துபுவாவின் பெயர் மட்டும் போதாது. அவருக்கு வழி காட்டிய உபதேசியார்கள், ஊர்ப் பெரியவர்கள், கொப்புளம் கனிந்த கையோடு அடுத்த ஊருக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பெயரறியாக் குழந்தைகள் ஆகியோரையும் அது சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாமல் சங்கிலி இல்லை.

பழைய பங்குகளில் செல்லரித்துக் கிடக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளும் இறப்புப் பதிவேடுகளும் இந்த வரலாற்றுக்கு நூல்களைவிட நெருங்கிய சான்றுகள். 19ஆம் நூற்றாண்டில் எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் அம்மையால் மாண்டார்கள், எப்போது அந்த எண்ணிக்கை குறைந்தது என்பதைச் சொல்லக்கூடியவை அவை. தேருக்கு விளக்கு அலங்காரம் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கு போதும், அவற்றைப் படமெடுத்துக் காக்க. தொட்ட சாமியாருக்குச் சிலை எழுப்புவதைவிட அது அவருக்கு ஏற்ற நினைவு.