பிரிட்ஜ் எங்கே வாங்குவது? கோந்த்வா தமிழர்கள் போட வேண்டிய கணக்கு

கோந்த்வா,

குடி பாட்வா, தசரா, தீபாவளி என்று பண்டிகை நெருங்கினால் போதும். கோந்த்வா குர்த்திலும் புத்ருக்கிலும் கடைக்குக் கடை தள்ளுபடி பலகை தொங்கும். வாடகை கொடுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, மிச்சம் பிடித்த காசில் பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பம் எந்தக் கடையில் ஏறுவது என்று தெரியாமல் நிற்கிறது. தெருமுனைக் கடையா? பெரிய ஷோரூமா? லட்சுமி ரோட்டை ஒட்டிய தாப்கீர் கல்லியா? அல்லது செல்போனிலேயே ஆர்டர் கொடுப்பதா?

தமிழகத்தில் 2006-ல் அமைந்த தி.மு.க. அரசு கலர் டி.வி. கொடுத்தது. 2011-ல் வந்த அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. பிழைப்பு தேடி இங்கு வந்து குடியேறிய நமக்கு அந்த வசதி இல்லை. எல்லாமே கைக்காசு. ஆகவே தவறான கடையில் ஏறினால் இரண்டு மாதச் சம்பளம் போனது போலத்தான்.

வரி குறைந்தது எதற்கு?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி ஜி.எஸ்.டி. வரி மாற்றப்பட்டது. ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி., பாத்திரம் கழுவும் எந்திரம் ஆகியவற்றின் வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி ஆகியவற்றின் வரி 2018 ஜூலையிலேயே 18 சதவீதமாகி விட்டது. "வரி குறைந்ததால் விலையைக் குறைத்திருக்கிறோம்" என்று ஒருவர் பிரிட்ஜைக் காட்டிச் சொன்னால் அது வெறும் வியாபாரப் பேச்சு.

வட்டி இல்லாத தவணை உண்டா?

தவணை நமக்குப் புதிதல்ல. 1978-ல் தொடங்கிய வசந்த் அண்ட் கோ தவணை முறையில்தான் தமிழகம் எங்கும் பெயர் பெற்றது. இப்போது "வட்டியே இல்லை" என்கிறார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

ஒரு கணக்குப் போடுவோம். ரூ.20,000 பிரிட்ஜுக்கு மாதம் ரூ.2,000 வீதம் பத்துத் தவணை. ரொக்கம் கொடுத்தால் ரூ.18,500-க்குத் தருவார்கள். தவணைக்குத் தனியாக ரூ.500 கட்டணம். ஆக, நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ரூ.2,000. மாதாமாதம் அசல் குறைவதைச் சேர்த்துப் பார்த்தால் இது நூற்றுக்கு மாதம் ஏறத்தாழ இரண்டு வட்டி. ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்கத் தயங்குகிறவர்கள் இங்கே சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். "ரொக்கம் என்றால் எவ்வளவு?" என்பதையே முதலில் கேளுங்கள்.

ரூ.1,200 லாபம், ரூ.5,000 நஷ்டம்

என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு நகருக்குள் ஒரு கடையில், பில் வேண்டாம் என்றால் ரூ.1,200 குறைப்பதாகச் சொன்னார்கள். சரி என்றேன். பதினான்காம் மாதம் பிரிட்ஜின் கம்ப்ரசர் நின்றது. அதற்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. கம்பெனி ஆள் கேட்ட முதல் கேள்வி, "பில் எங்கே?" கடைக்காரரோ, "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்" என்றார். ரூ.5,000 கொடுத்து மாற்றினேன்.

எதை எங்கே வாங்கலாம்?

மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி போன்றவற்றைக் கையிலேயே தூக்கி வரலாம். பழுதானால் திருப்பி எடுத்துச் செல்வதும் எளிது. இவற்றுக்கு பஸ் ஏறி தாப்கீர் கல்லிக்குப் போய் நாலு கடையில் விலை கேட்பது லாபம். செல்போன் விலையையும் ஒப்பிடலாம்.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின் கதை வேறு. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும். குழாய் இணைக்க வேண்டும். பழுதானால் ஆள் வீட்டுக்கு வர வேண்டும். டெம்போ வாடகை, ஏற்று கூலி, பொருத்தும் கட்டணம் எல்லாம் சேர்த்தால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரூ.500 கூடினாலும், நடந்து போய்க் கேட்கக்கூடிய கோந்த்வா கடையோ, புனேயில் சர்வீஸ் உள்ள ஷோரூமோ மேல்.

கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதை ஊரில் இருந்து ரெயிலில் கொண்டு வருகிறவர்கள் பலர். கொண்டு வரலாம். ஆனால் அந்தக் கம்பெனிக்குப் புனேயில் சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்று பெல்ட்டையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.

மின்சாரக் கணக்கும் உண்டு. தமிழகத்தில் 2016-ல் கொண்டு வந்த 100 யூனிட் இலவசம் இங்கே செல்லாது. மகாவிதரண் பில்லில் மாதம் 100 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறுகிறது. எனவே பிரிட்ஜில் ஒட்டியுள்ள நட்சத்திர அட்டையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று படியுங்கள். பழைய ஆண்டு அட்டை ஒட்டிய சரக்கு தள்ளுபடியில் வரலாம். அட்டையில் உள்ள ஆண்டையும் பாருங்கள்.

சட்டம் நம் பக்கம்

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளியூரில் வாழ்கிறவர்களுக்கு மிகவும் உதவுவது. பொருளைக் கோவையில் வாங்கியிருந்தாலும், செல்போனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். புனே மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் கூப்பிட்டுத் தமிழிலேயே முறையிடலாம்.

இவை அத்தனைக்கும் ரசீது வேண்டும். இப்போது மெல்லிய தாளில் அடித்துத் தரும் பில் ஓராண்டுக்குள் மங்கி வெள்ளைத் தாளாகி விடுகிறது. வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாடகை ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினாலும் அந்தக் காகிதம் உங்களோடு வரும்.