மோட்டார் சைக்கிளும் மூன்றாமவரும்

மோட்டார் சைக்கிள் வாங்கப் புகுவோர் வினவும் வினாக்கள் மூன்று. விலை யாது? விரைவு எத்துணை? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்துணைக் கிலோமீட்டர் ஓடும்? இம்மூன்றற்கும் விடை கிடைத்தவுடன் பலர் முன்பணத்தை எண்ணி வைத்துவிடுகின்றனர். காப்பீட்டைப் பற்றிய வினாவோ, விற்பனையாளர் கணக்குத்தாளின் அடியில் ஒரு தொகையைக் குறித்துக் காட்டும்போதே எழுகின்றது. அப்பொழுதும், "இதனைச் சிறிது குறைக்க இயலாதோ?" என்னும் அளவிலேயே அஃது ஒழிகின்றது. இவ்வரிசை தலைகீழானது என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது. பந்தயச் சாயலுடைய விரைவு வண்டியை வாங்குவோர், அவருள்ளும் பல்லாண்டு வண்டி தொடாதிருந்து மீள்வோர், முதற்கண் ஆராயத்தக்கது காப்பீடேயாம்.

இதனைப் படித்தறிந்ததினும் மிகுதியாகப் பார்த்தறிந்தோம். எம் தாய்மாமன் திண்டிவனத்தினர். இளமையில் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஓட்டியவர். 1985 இல் நம் நாட்டில் வெளிவந்து 1996 இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியின் பெருமையை மூத்த மாணவரைக் கேட்டால் ஒரு மணி நேரம் உரைப்பர், யாம் உரையோம். பிழைப்பின்பொருட்டு மஸ்கட்டு நகர் சென்ற மாமன் பதின்மூன்று ஆண்டுகள் இருசக்கர வண்டியைத் தொட்டிலர். 2025 ஆம் ஆண்டில் ஊர் மீண்டதும், ஓசூரில் தொழிற்சாலையுடைய டி.வி.எஸ். நிறுவனத்தார் 2017 டிசம்பரில் முதன்முதல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் வண்டியின்மேல் அவர்க்குப் பெருங்காதல் பிறந்தது. அதன் எடை 174 கிலோகிராம். எஞ்சின் 312 கன சென்டிமீட்டர். பழைய ஆர்.எக்ஸ். 100 ஏறக்குறைய நூறு கிலோகிராமே நிறையுடையது. ஆற்றலிலோ புதியது அதனை மும்மடங்கிற்கு மேல் விஞ்சுவது.

"பதின்மூன்று ஆண்டு ஆயிற்றே, மாமா, கை பழக வேண்டாவோ?" என்றோம். "நீச்சலும் சைக்கிளும் மறக்குமா, மாப்பிள்ளை?" என்று நகைத்தார். உரிமச் சீட்டு எங்கே என்று வினவிய பின்னரே நகை நின்றது. பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப் பார்த்தால், 2003 இல் பெற்ற உரிமம் இருபதாண்டு கழிந்து 2023 இலேயே முடிந்திருந்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, உரிமம் முடிந்து ஓராண்டிற்கு மேற்பட்டால் வண்டியை ஓட்டிக் காட்டித் தேர்ந்த பின்னரே அது புதுப்பிக்கப்படும். மாமன் மிக வருந்தினார். பதினெட்டு வயதுச் சிறுவரோடு வரிசையில் நிற்பதா என்பது அவர் வருத்தம். எமக்கோ அவ்விதி மிக நன்றென்றே தோன்றியது. உரிமம் உயிரோடிருப்பினும், ஐந்தாண்டு வண்டி தொடாதவர் அனைவரும் இங்ஙனம் நிற்க வேண்டும் என்பது எம் கருத்து. ஆயின் எம் கருத்தைச் சட்டமன்றம் கேட்கவில்லை.

உரிமம் இன்றி ஓட்டுவார்க்குக் காப்பீட்டுச் சீட்டு இருந்தும் பயன் சிறிதே என்பதை ஈண்டே கூறிவிடுவாம். தம் வண்டிக்கு நேர்ந்த சேதத்திற்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு மறுக்கலாம். பிறர்க்கு நேர்ந்த தீங்கிற்கு முதலில் பணம் கொடுத்துப் பின்னர் அதனை வண்டியுடையாரிடமே வசூலித்துக் கொள்ள இடமுண்டு என்பதை 2004 இல் சுவரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியுள்ளது. அடிபட்டவர்க்குத் தொகை கிடைத்துவிடும். கடன் வண்டியுடையாரின் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்.

மாமன் தேர்வில் தேறினார். 2025 செப்டம்பர் 22 முதல் 350 கன சென்டிமீட்டர் வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28 இலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 40 ஆக உயர்ந்தது. குறைந்த வரிக்கு மகிழ்ந்து, விழுப்புரத்து விற்பனைக் கூடம் ஒன்றில் வண்டியைப் பதிவு செய்தார். உடன் சென்றோம். காப்பீட்டைத் தம்மிடமே எடுக்க வேண்டும் என்பதுபோல் அங்குள்ளோர் பேசினர். அஃது உண்மையன்று, எந்த நிறுவனத்திடமும் வாங்குபவர் தாமே எடுத்துக் கொள்ளலாம். எம் மாமனோ கேட்டிலர். வரியில் மிஞ்சிய பணத்தில் தேய்மானம் கழியாத கூடுதற் காப்பு எடுக்குமாறு யாம் சொன்னதையும் கேட்டிலர். அப்பணம் ஒட்டுப்படங்களாகவும், அவற்றின் நிறத்திற்கு ஒத்த கையுறையாகவும் மாறிற்று.

கூடுதற் காப்பு யாதெனின் கூறுவாம். சாதாரண விரிவுக் காப்பீட்டில் உடைந்த உறுப்புகளின் விலையில் தேய்மானம் கழிப்பர். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் உறுப்புகளுக்குக் கழிப்பு நூற்றுக்கு ஐம்பது, கண்ணாடியிழைக்கு முப்பது. வண்டி நேற்று வாங்கியதாயினும் பிளாஸ்டிக்கிற்குப் பாதியே கிடைக்கும். பழைய வண்டிகளுக்கு இஃது ஒரு பொருட்டன்று; அவை இரும்பாலாயவை; விழுந்தால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். பந்தயச் சாயல் வண்டியோ கழுத்து முதல் வயிறு வரை பிளாஸ்டிக்குப் போர்வை போர்த்தது. நின்ற நிலையிற் சாய்ந்தாலும் முதலில் உடைவது அப்போர்வையே. எனவே இவ்வகை வண்டிக்குத் தேய்மானம் கழியாத காப்பு, ஆடம்பரமன்று, இன்றியமையாதது. வாங்குவோர் இன்னும் ஒன்று நோக்குக. பந்தயம், விரைவுச் சோதனை ஆகியவற்றிற்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்று சீட்டிலேயே எழுதியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலத்தே ஒருவரையொருவர் முந்தும் நண்பர்கள் அவ்வரியைப் படித்திலர் போலும். பந்தயத்திற்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் தனி ஓடுபாதை உளது.

இனிச் சட்டம் கட்டாயப்படுத்தும் காப்பீட்டைப் பற்றிச் சில. இதற்கு மூன்றாமவர் காப்பீடு என்று பெயர். நிறுவனம் ஒருவர், வண்டியுடையார் இருவர், வழியில் நேர்படும் அயலார் மூன்றாமவர். 1930 இல் பிரிட்டன் இதனைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டில் 1939 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதனை வகுத்ததாயினும், அப்பகுதி 1946 ஜூலை 1 முதற்றான் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146 ஆம் பிரிவில் உளது. முன்னர் ஓராண்டிற்கு எடுத்துவிட்டு மறுவாண்டு மறந்துபோவார் பலராயினர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012 இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாகவே, 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாமவர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்னும் விதி வந்தது. முறிந்த எலும்புகளை நாள்தோறும் கூட்டிவைத்த கை ஒன்று அவை முறியாமல் இருக்கவும் வழி தேடிற்று என்பது நினைக்கத்தக்கது.

2022 ஜூன் 1 முதல் வகுக்கப்பட்ட பிரீமியப்படி, 150 க்கு மேல் 350 கன சென்டிமீட்டர் வரையுள்ள புது வண்டிக்கு ஐந்தாண்டிற்கும் சேர்த்து ரூ. 7,365, அதற்கு மேற்பட்டதற்கு ரூ. 15,117. வரி வேறு. மாமன் வாங்கிய வகைக்கு வரியையும் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவே. விடுதி வாயிலில் நாம் பருகும் தேநீரின் விலையிற் பாதியும் அன்று.

"ஐந்தாண்டும் ஒன்றும் நேராவிடின் அத்தொகை பாழன்றோ?" என்பர் மாணவர் சிலர். இதனினும் ஆழமான மறுப்பு ஒன்று எம் சபையிலேயே எழுந்தது. புதுவண்டியை ஆலயத்தின் முன் நிறுத்திப் போதகர் ஐயா செபித்தார். அப்பொழுது மூத்தார் ஒருவர், "ஆண்டவர் காப்பார்; இத்துணைக் காப்பீடு எதற்கு? அஃது அவிசுவாசமன்றோ?" என்றார். யாம் அன்று வாய்திறந்திலம். விடை எமக்குப் பத்து நாள் கழித்துக் கூட்டேரிப்பட்டில் கிடைத்தது.

அன்று விழுப்புரத்தினின்று திண்டிவனத்திற்கு மீண்டு கொண்டிருந்தோம். வண்டியின் முதற் பழுதுபார்ப்பு முடிந்திருந்தது. விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியில் இருசக்கர வண்டிகளுக்குக் கட்டணமின்மையால் தடையின்றி வந்தோம். கூட்டேரிப்பட்டில் மயிலம் பிரியும் சந்திப்பருகே தேநீர் குடிப்பதற்காக மாமன் வண்டியை ஓரங்கட்டினார். விரைவு நடைவேகமே. ஓரத்து மண்ணில் முன்சக்கரம் இறங்கிற்று, மாமன் பழைய பழக்கத்தால் முன்தடையை இறுகப் பிடித்தார், காலூன்ற முயன்றார், கால் நிலத்தை முற்றும் எட்டவில்லை. 174 கிலோகிராமும் எம் இருவரும் ஒருங்கே சாய்ந்தோம். அங்கே வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தியின் கூடைமேல் வண்டியின் கைப்பிடி விழுந்தது. (மணிலாக் கொட்டை என்பதே எம் பக்கத்தார் நாவில் மல்லாட்டை ஆயிற்று; தமிழ் பயில்வோர் இதனைப் பொறுத்தருள்க.) கூடை நசுங்கிற்று. அவள் கணுக்கால் சிராய்ந்து குருதி கசிந்தது. ஒரு சாண் இப்புறம் வீழ்ந்திருப்பின் எலும்பு முறிந்திருக்கும்.

மாமன் நடுங்கிப்போனார். அவளை எழுப்பி அமர்த்தி, நீர் வார்த்துக் கழுவி, கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார். அவள் பணத்தை எண்ணவில்லை. மண்ணிற் சிந்திய மல்லாட்டையைப் பொறுக்கிக்கொண்டே, "உங்களுக்கு அடி ஒன்றும் இல்லையே, சாமி?" என்று கேட்டாள்.

மூன்றாமவர் என்று சட்டம் கூறுவது யாரை என்று அப்பொழுதே எமக்கு விளங்கிற்று. போதகர் செபித்தது மாமனுக்காகவும் வண்டிக்காகவும். அக்கிழவிக்காக அன்று யாரும் செபித்திலர். அவள் அவ்விடத்து அமர்ந்திருப்பாள் என்பதையும் யாரும் அறிந்திலர். அவளுக்காக முன்கூட்டி நினைத்த பொருள் ஒன்றே ஒன்று. அது கணக்குத்தாளின் அடியில் எழுதப்பட்ட அந்தத் தொகை. எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியன், கட்டுப் போட்டதோடு நின்றிலன். சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்து, மேற்செலவையும் தான் திரும்பி வருங்கால் தருவதாக ஏற்றுக்கொண்டான். அவன் ஏற்றது தொகை குறியாத பொறுப்பு. மூன்றாமவர் காப்பீட்டில் உயிர்க்கும் உடலுக்கும் நேரும் தீங்கிற்குத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு வரம்பில்லை என்பதை எண்ணுங்கால் இவ்விரண்டும் ஒன்றாகவே எமக்குத் தோன்றுகின்றன. இதனை அவிசுவாசம் என்று எங்ஙனம் சொல்வது?

இது சிறு விபத்து. 2022 இல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491. அவருள் இருசக்கர வண்டியிற் சென்றோர் 74,897. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது: 64,105. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்நெடுஞ்சாலையை அடுத்தே இருப்பது எத்துணை வசதி என்று சிலர் கூறுவர். அங்குச் செல்லாதிருப்பதே அதனினும் வசதி.

பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற எம்மையும் சிறிது கருதுக. சட்டம் கட்டாயமாக்கும் காப்பீடு மட்டுமே உடைய வண்டியில், இலவசமாக ஏறிச் செல்லும் பின்னிருக்கையார்க்கு அக்காப்பு இல்லை என்று 2006 இல் திலக் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரிவுக் காப்பீட்டிலேயே அவர்க்கு இடமுண்டு. நண்பன் வண்டியிற் பின்னேறிக் கல்லூரிக்கு வருவோர் நம்முள் எத்துணைப் பேர்! சீட்டு எவ்வகைத்து என்று ஒருநாளேனும் வினவினோமோ?

வண்டியின் போர்வை இருபுறமும் பிளந்திருந்தது. காப்பீட்டார் பிளாஸ்டிக் உறுப்புகளுக்குப் பாதி விலையே கொடுத்தனர். அதனோடு, ஓராண்டு இழப்பீடு கேளாதார்க்கு மறுவாண்டு பிரீமியத்தில் நூற்றுக்கு இருபது கழித்துக் கொடுக்கும் சலுகையும் மாமனுக்குப் போயிற்று. ஐந்தாண்டு பொறுத்திருப்பின் அஃது ஐம்பது வரை வளர்ந்திருக்கும். இப்பொழுது ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் பள்ளி மைதானம் ஒன்றில் மாமன் எட்டுப்போட்டுப் பழகுகின்றார். சிறுவர் நின்று பார்க்கின்றனர், அவர் பொருட்படுத்துகின்றிலர்.

சென்ற திங்களில் மீண்டும் கூட்டேரிப்பட்டு வழியே வந்தோம். மாமன் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, நடந்து சென்று இரண்டு படி மல்லாட்டை வாங்கினார். கிழவி அவர் முகத்தை அறிந்திலள். அளந்து கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவள், எதிரே நின்ற சிவந்த வண்டியைக் கண்டாள். ஒன்றும் சொல்லாமல் கூடையைச் சாலையோரத்தினின்று இரண்டு முழம் உள்ளே இழுத்து வைத்தாள்.