விருந்தாளிகள் ஜாக்கிரதை!

கேட்ல 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு மாட்டியாச்சு, இனி கவலை இல்லைனு நினைக்கிற ஆளா நீங்க? அப்போ எங்க ஊர் சொந்தக்காரங்களை உங்களுக்குத் தெரியாது பாஸ். அந்த போர்டைப் படிச்சுக்கிட்டே கொக்கியைத் தூக்குவாங்க. "ஏல, கடிச்சிருமோ?"னு கேட்பாங்க. நாம பதில் சொல்றதுக்குள்ள முன்ரூம்ல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருப்பாங்க!

சங்கரன்கோவில்ல இந்தப் பிரச்னை ஆடி மாசம் உச்சத்துக்குப் போகும். ஆடித் தபசு வருதுல்ல? கோமதி அம்மன் தவமிருந்து, சிவனும் பெருமாளும் ஒரே உருவமா, சங்கரநாராயணரா காட்சி கொடுத்த நாள். ஊர் நிரம்பி வழியும். சாமி பார்க்க வர்றவங்க எல்லாம் அப்படியே நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வருவாங்க. வர்றோம்னு ஒரு போன்? ம்ஹூம்!

இன்னொண்ணு, நாங்க இருக்கிறது நாட்டு நாய் ஏரியா. பஸ் ஏறினா ராஜபாளையம். பக்கத்து விருதுநகர் மாவட்டத்துல சிப்பிப்பாறை. 2005-ல தபால் துறை நாலு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டப்போ, அதுல ஒண்ணு நம்ம ராஜபாளையம். பெருமைதான். ஆனா அதே நாயைக் குட்டியில ஆசையா வாங்கி, வளர்ந்ததும் ரோட்டோரம் இறக்கி விட்டுட்டுப் போற புண்ணியவான்களும் இருக்காங்க. எங்க வீட்டு வெள்ளைச்சாமி அப்படி வந்தவன்தான். பாதி ராஜபாளையம், மீதி எந்தத் தெருவோ! கழுத்துல அறுந்த கயிறோட நின்னவனைக் கூட்டிட்டு வந்தோம். வீட்டு ஆளுங்ககிட்ட குழந்தை. வெளியாள் கேட்டைத் தொட்டாப் போதும், தெருவே எட்டிப் பார்க்கும்.

"சரியான கோவக்கார நாய்"னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது பயம்னுதான் படுது. பயந்த நாய்க்கு ரெண்டே வழி. ஓடணும், இல்லேன்னா எதிராளியை ஓட வைக்கணும். சங்கிலியில கட்டிட்டா முதல் வழி காலி. அதுவும் நாம எங்க கட்டுவோம்? கரெக்டா கேட் பக்கத்துல, வர்றவங்க எல்லாரும் அதை உரசிட்டுப் போற மாதிரி!

பால்காரர் வர்றார். இவன் குரைக்கிறான். பாலை ஊத்திட்டு அவர் பாட்டுக்குப் போயிடறார். கூரியர் பையனும் அப்படித்தான், சிலிண்டர் அண்ணாச்சியும் அப்படித்தான். வெள்ளைச்சாமி கணக்குல என்ன பதிவாகுது தெரியுமா? 'நான் குரைச்சேன், அவன் ஓடிட்டான்!' தினம் நாலு மேட்ச், நாலுலயும் ஜெயம். பிறகு மாமா வந்து சோபாவுல உட்கார்ந்து நகரவே இல்லைன்னா அவனுக்கு எப்படி இருக்கும்? இன்னும் சத்தமாக் குரைப்பான்.

இ.சி.இ. மக்களே, ஷ்மிட் ட்ரிகர் ஞாபகம் இருக்கா? ஒரு வோல்டேஜ்ல ஆன் ஆகும், ஆனா அதைவிட ரொம்பக் கீழ இறங்கினாத்தான் ஆஃப் ஆகும். செமஸ்டருக்குப் படிச்சப்போ புரியாத விஷயம், இவனைப் பார்த்துப் புரிஞ்சுது. குரைக்கிறது நின்னுடுச்சுன்னா மனசு அடங்கிடுச்சுனு அர்த்தம் இல்ல. உள்ளுக்குள்ள ஏறின படபடப்பு இறங்க ரொம்ப நேரமாகும். "இப்ப அமைதியாயிட்டான், கூட்டிட்டு வாங்க"னு விருந்தாளி சொல்ற அந்த நிமிஷம்தான் டேஞ்சர்.

எங்க வீட்ல பின்கட்டு ரூம்தான் அவனுக்கு. ஆள் வர்றதுக்கு முன்னாடி நல்லா ஒரு நடை. அப்புறம் ரூம், உள்ள தண்ணி, ஃபேன், ரேடியோ. கதவுக்குத் தாழ்ப்பாள். அதுக்கு வெளிய இன்னொரு கதவும் சாத்தியிருக்கும். ஒரு கதவை நம்பக்கூடாது பாஸ், வாண்டுப் பசங்க திறந்துடுவாங்க. உப்பு போடாத தயிர் சாதத்தைத் தட்டுல தடவி ஃப்ரீஸர்ல வெச்சுக் கொடுத்தா, அதை நக்கிக்கிட்டே ரொம்ப நேரம் ஓட்டிடுவான். நக்கறது நாய்க்கு ஆறுதல். பாசத்துல பிரியாணித் தட்டை நீட்டாதீங்க. எங்க ஊர் பிரியாணி ஃபேமஸ்தான், ஆனா வெந்த எலும்பு உடைஞ்சு குடலைக் கிழிக்கும், வெங்காயமும் நாய்க்கு ஆகாது.

இது எல்லாம் அன்னிக்கு ஒரு நாள் சமாளிக்கிற வழி. ஆளையே மாத்தணும்னா வாரக்கணக்குல ஆகும். காலிங் பெல் சத்தத்தை மொபைல்ல ரெக்கார்டு பண்ணி, அவன் காதை மட்டும் ஆட்டுற அளவுக்குச் சன்னமா வெச்சேன். சத்தம் வந்த உடனே ஒரு துண்டு வேகவெச்ச ஈரல். சத்தம், ஈரல். சத்தம், ஈரல். சில நாள் கழிச்சு வால்யூமை ஒரு புள்ளி ஏத்தணும். அவன் குரைச்சா ஏத்தினது ஜாஸ்தி, திரும்ப இறக்கணும். நம்ம பாவ்லோவ் தாத்தா டெக்னிக்தான். அவருக்கு 1904-ல நோபல் கொடுத்தது நாயோட மனசைப் படிச்சதுக்கு இல்லையாம், ஜீரண ஆராய்ச்சிக்காம்!

வெள்ளை நிற நாய்களுக்கு இன்னொரு சிக்கல். ராஜபாளையம் மாதிரி முழு வெள்ளை இனங்கள்ல சிலது பிறவியிலேயே செவிடா இருக்கும். பின்னாடி வந்து தொட்டா திடுக்கிட்டுத் திரும்பும். தூங்கும்போது பின்னால நின்னு கை தட்டிப் பாருங்க. காது அசையலேன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. வெள்ளைச்சாமிக்கு ஈரல் கவரைப் பிரிக்கிற சத்தம் மொட்டை மாடியிலயே கேட்கும், அதனால கவலை இல்ல.

உறுமினா அடிக்காதீங்க. உறுமல்ங்கறது ஹாரன். ஹாரன் வயரைப் பிடுங்கிட்டா லாரி நிக்காது, சத்தமில்லாம வந்து மோதும். வாலாட்டினா பாசம்னு நினைக்கிறதும் தப்பு. உடம்பு விறைச்சு, வாயை மூடி, கண்ணோட வெள்ளை தெரிய ஓரமாப் பார்த்துக்கிட்டு வாலை ஆட்டினா விலகிடுங்க.

நாயைவிட விருந்தாளியைப் பழக்கறதுதான் கஷ்டம். "எனக்கு நாய்னா பயமே கிடையாதுல"னு கையை நீட்டிக்கிட்டு வர்ற பெரிய மாமா மாதிரி ஆளுங்கதான் ரிஸ்க் பார்ட்டி. பயப்படறவங்க ஒதுங்கி நிப்பாங்க, பிரச்னையே இல்ல. குனியாதீங்க, கண்ணுக்குள்ள பார்க்காதீங்க, கையை நீட்டாதீங்க, அவன் இருக்கறதையே மறந்துடுங்க. அவ்ளோதான் ரூல்ஸ். கட்டாயம் வெளிய கொண்டு வரணும்னா, மாட்டுக்குப் போடற வாய்க்கூடு மாதிரி கூடை வெச்ச மூடி கிடைக்குது. அதைப் போட்டா வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம். துணியால வாயைக் கட்டறது எங்க ஊர் வெயிலுக்கு ஆகவே ஆகாது.

வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்டாகணும், இதுல பேச்சே இல்ல. யாரையாவது பல் பட்டுடுச்சுன்னா, ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். நேரா அரசு ஆஸ்பத்திரி. முதல் நாள் ஊசி, அப்புறம் 3, 7, 28-வது நாள். ஊசி போட்ட வீட்டு நாய்தானேனு விட்டுடாதீங்க.

போன வருஷத் தபசுக்கு அத்தை குடும்பத்தோட வந்தப்போ ரெண்டு வயசுக் குட்டிப் பையனும் வந்திருந்தான். மூடின கதவுக்குப் பின்னால இருந்து வந்த சத்தத்துல பிள்ளை அழுதுட்டான். "புளியங்குடி தாண்டி எங்கயாவது கொண்டுபோய் விட்டுரு. பிள்ளைய கடிச்சிட்டா யாரு பொறுப்பு?"னாங்க அத்தை. அவங்க பயம் நியாயமானது. பிள்ளை இருக்கற நேரம் கதவு திறக்கவே கூடாதுங்கறதுல எனக்கும் மறுபேச்சு இல்ல. ஆனா ஒரு தடவை ரோட்ல விடப்பட்டவனை மறுபடி கொண்டுபோய் விடறதா? சும்மா சட்டத்தைப் புரட்டினேன். 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலயும் தாகத்துலயும் தவிக்கிற மாதிரி ஒரு பிராணியைக் காரணமில்லாமக் கைவிடறது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரை. ஒரு பரோட்டா செட்டுக்குக்கூடப் பத்தாது!

ஆச்சிதான் பஞ்சாயத்தை முடிச்சாங்க. "அவன் அவன் ரூம்ல இருக்கட்டும், நீங்க உங்க சோத்தைத் தின்னுட்டுப் போங்க"ன்னாங்க. அவ்ளோதான், யாரும் வாயைத் திறக்கல.

எல்லாரோடயும் அவன் சிநேகமாகணும்னு எனக்கு ஆசை கிடையாது. சின்ன மாமா மட்டும் ரூல்ஸை அப்படியே ஃபாலோ பண்றார். வரும்போதெல்லாம் இவனைக் கண்டுக்காம மொபைல்ல ஸ்கோர் பார்த்துக்கிட்டே இருப்பார். அஞ்சாவது தடவை கயிறைப் பிடிச்சுக்கிட்டு வெள்ளைச்சாமியைக் கூட்டிட்டு வந்தேன். தூரத்துல இருந்தே அவர் செருப்பை எட்டி மோந்து பார்த்துட்டு, திரும்ப வந்து என் கால்கிட்ட படுத்துக்கிட்டான்.

இந்த வருஷத் தபசுக்கு அத்தை இப்பவே போன் பண்ணிட்டாங்க. "வரலாமால?"

"தாராளமா வாங்க அத்தை. கேட் பக்கம் வந்ததும் பெல் மட்டும் அடிக்காதீங்க, மிஸ்டு கால் கொடுங்க!"